டில்லியில் படித்துக்கொண்டு கூட்டாளிகளோடு இந்தியா சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் டில்லிக்குப் படிக்க வருகிற எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இங்கே படித்து முடித்து இப்போது ஆய்வும் செய்துகொண்டிருப்பதால் பதில்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

படிக்க வந்த இடத்தில் ஊர் சுற்றினால் படிப்பு கெடாதா?

கெடாது. பரீட்சைத் திகதியையும் கட்டுரை கொடுக்க வேண்டிய திகதியையும் முதலில் எழுதிவிட்டு, மிச்ச நாட்களில் பயணத்தைப் போடுங்கள். தசரா, தீபாவளி, ஹோலி, குளிர்கால லீவு என்று இங்கே இடைவெளிகள் தாராளமாக வரும். அவ்வளவு லீவையும் ஹொஸ்டல் அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கழித்துவிட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் டில்லி எப்படி என்று கேட்டால் குளிரைப் பற்றியும் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் மட்டும்தான் சொல்வார்கள்.

யாரோடு போவது? இலங்கை ஆட்கள் சேர்ந்து போனால் லேசு இல்லையா?

லேசுதான். ஆனால் எங்கட ஆட்களோடு மட்டும் போகாதீர்கள், இதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். நாலு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜெய்ப்பூருக்குப் போனால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன், பகல் முழுக்க ஊர்க்கதை, இரவில் தோசைக் கடை தேடல், அடுத்த நாள் திரும்பி வருவது, அதில் ஜெய்ப்பூர் எங்கே?

இங்கே படிப்பதன் பெரிய வாய்ப்பே பக்கத்து அறையில் இருப்பவர்கள்தான். தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசிலில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். என்னோடு அதிகம் சுற்றியது காத்மாண்டுவிலிருந்து வந்த ஒருத்தி, டாக்காக்காரி ஒருத்தி, மாத்தறையிலிருந்து வந்த சிங்களக் கூட்டாளி ஒருவன், திருநெல்வேலிப் பிள்ளை ஒருத்தி. நேபாளி மொழிக்கும் ஹிந்திக்கும் ஒரே எழுத்து என்பதால் பஸ் பலகையெல்லாம் காத்மாண்டுக்காரிதான் வாசிப்பாள். டாக்காக்காரி எந்தப் பள்ளிவாசலுக்குள் எந்த வாசலால் போக வேண்டும், எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்லித்தருவாள். திருநெல்வேலிப் பிள்ளைக்கு இந்த நாடு சொந்த நாடு, ஆனால் டில்லி அவளுக்கும் எங்களைப் போலவே புது ஊர், அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஒவ்வொருவரும் கவனிக்கிற விஷயம் வேறு, அதனால் ஒரே தெருவில் நடந்தாலும் நீங்கள் தனியாகக் காண்பதைவிட அதிகம் காண்பீர்கள்.

எத்தனை பேர் என்றால், நாலு பேர் நல்ல கணக்கு. ஒரு டாக்ஸிக்குள் அடங்கும், இரண்டு அறை போதும். எட்டுப் பேருக்கு மேல் போனால் எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

வந்தவுடன் எங்கே தொடங்குவது?

டில்லியிலேயே தொடங்குங்கள். தாஜ்மஹாலுக்கு ஓடத் தேவையில்லை, அது அங்கேயே இருக்கும். மெட்ரோ கார்ட் ஒன்று வாங்குங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் குறையும். மஞ்சள் பாதையில் குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கினால் 72.5 மீற்றர் உயர மினார் ஒரு பக்கம். கொஞ்சம் தள்ளி மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா, அங்கே டிக்கெட்டே இல்லை. பல்பனின் கல்லறை, ஜமாலி கமாலி பள்ளிவாசல், ராஜோன் கி பாவோலி என்ற படிக்கிணறு எல்லாம் மரங்களுக்கு நடுவே கிடக்கின்றன, காலையில் போனால் கூட்டமும் இருக்காது. டில்லி ஒரு நகரம் இல்லை, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கட்டப்பட்ட பல நகரங்கள் என்பது எனக்கு அங்கே நடந்தபோதுதான் விளங்கியது.

இன்னொரு நாள், வியாழக்கிழமையாகப் பார்த்து, பின்னேரம் ஹுமாயூன் கல்லறைக்குப் போங்கள். தாஜ்மஹாலுக்கு ஏறக்குறைய 60 வருடம் முந்தியது அது. பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே நிஜாமுதீன் தர்காவுக்குப் போகலாம். வியாழன் இரவுகளில் அங்கே கவ்வாலி என்ற சூஃபிப் பாடல்களைப் பாடுவார்கள், கவி அமீர் குஸ்ரோவின் சமாதியும் அதே வளவுக்குள்தான். தலையை மூட ஒரு துணி கொண்டுபோங்கள், அந்தச் சந்துகளில் நெரிசல் அதிகம் என்பதால் போனைக் கையிலேயே பிடித்திருங்கள். பங்ளா சாஹிப் குருத்வாரா என்ற சீக்கியர் கோயிலில் யாரும் எந்த நாளும் பந்தியில் இருந்து சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகு சமையல்கூடத்தில் சப்பாத்தி உருட்டவும் விடுவார்கள், கட்டாயம் போய் உட்காருங்கள்.

வெளிநாட்டவர் என்று டிக்கெட்டுக்கு அதிகம் எடுப்பார்களா?

இலங்கைப் பாஸ்போட் இருந்தால் பெரும்பாலும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் சார்க் நாட்டவர்களுக்கும், பிம்ஸ்டெக் என்ற வங்காள விரிகுடாக் கூட்டமைப்பு நாட்டவர்களுக்கும் இந்தியர்களின் விலைதான். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் ஒன்லைனில் எடுத்தால் எங்களுக்கு 35 ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 550 ரூபாய். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தச் சலுகைக்குள் வரமாட்டார்கள், பட்ஜெட் போடும்போது அதை நினைவில் வையுங்கள். தாஜ்மஹால் மட்டும் வித்தியாசம்: இந்தியர்களுக்கு 50, எங்களுக்கு 540, மற்றவர்களுக்கு 1,100, கல்லறைக்குள் போக எல்லோருக்கும் மேலதிகமாக 200. கவுண்டரில் பாஸ்போட்டைக் காட்டச் சொல்வார்கள். போட்டோக்கொப்பி சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது.

எஃப்.ஆர்.ஆர்.ஓ., சி ஃபோம் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் விளையாட்டாகவும் எடுக்காதீர்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தால், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில், பதிய வேண்டும். எல்லாம் ஒன்லைனில்தான். கம்பஸில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரிவு கடிதம் தரும். ஹொஸ்டலை விட்டு வாடகை அறைக்கு மாறினாலும் அதையும் அறிவிக்க வேண்டும்.

பயணத்தில் உங்களைத் தொடுவது சி ஃபோம் என்று எல்லோரும் சொல்கிற விஷயம். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அந்த விபரத்தை ஹோட்டல்காரர் அரசுக்கு அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜ்கள் பல இதற்குப் பதிந்திருக்காது, அதனால் இரவு பத்து மணிக்குப் பையோடு போய் நின்றால் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். எங்களோடு வந்த இந்தியப் பிள்ளைக்கு அறை உண்டு, எங்களுக்கு இல்லை என்று ரிஷிகேஷில் ஒரு விடுதியில் சொன்னார்கள். அந்த இரவில் அவள் தான் மட்டும் தங்கமாட்டேன் என்று எங்களோடேயே வெளியே வந்து, வேறு இடம் கிடைக்கும் வரைக்கும் கூடவே நடந்தாள். இப்படி அலையாமல் இருக்க, பதிவு செய்ய முன்பே போன் எடுத்து "வெளிநாட்டுப் பாஸ்போட் ஏற்பீர்களா" என்று கேளுங்கள். பாஸ்போட், விசா, வதிவிட அனுமதி மூன்றினதும் கொப்பிகள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

றெயில் டிக்கெட் ஏன் கிடைப்பதே இல்லை?

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், முன்பு 120 ஆக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்தார்கள். தீபாவளி, ஹோலி நேரத்து டிக்கெட் என்றால் திறக்கிற அன்று காலையிலேயே எடுக்க வேண்டும். தத்கல் என்ற அவசர டிக்கெட் புறப்படுவதற்கு முதல் நாள் வரும், ஏசி வகுப்புக்கு 10 மணி, ஏசி இல்லாத படுக்கை வகுப்பான ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து தத்கலுக்கு ஆதார் என்ற இந்திய அடையாள இலக்கச் சரிபார்ப்பு வந்துவிட்டது, புதிதாக வந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தலையிடி. இந்தியக் கூட்டாளி ஒருவரின் கணக்கில் எடுப்பது ஒரு வழி. மற்றது, இங்கே 182 நாள் இருந்த பிறகு வெளிநாட்டவரும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆர்.ஏ.சி. என்று வந்தால் றெயிலில் ஏறலாம், ஒரு பக்கவாட்டுப் படுக்கையை இரண்டு பேர் பகிர்ந்து இருக்க வேண்டி வரும். ஒன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசி வரைக்கும் வெயிட்டிங்கில் நின்றால் தானாகவே ரத்தாகிக் காசு திரும்பும், அந்த டிக்கெட்டோடு ஏறக்கூடாது. எங்களுக்குக் கொழும்பு வண்டியில் ஏறி நின்றுகொண்டே போகிற பழக்கம் உண்டு, இங்கே அது சரிவராது.

முடிந்தால் ஸ்லீப்பரில் ஒரு தடவையாவது போங்கள். நீண்ட பயணங்களில் பக்கத்துக் குடும்பம் பூரியை எடுத்து நீட்டும், எங்கே படிக்கிறாய், அப்பா என்ன செய்கிறார், கலியாணம் ஆகிவிட்டதா என்று எல்லாம் கேட்கும். இலங்கை என்று சொன்னால் கிரிக்கெட்டில் தொடங்கி ராவணனில் முடியும் அந்தக் கதை. எனக்கு ஹிந்தி வந்தது பாதிக்கு மேல் இந்தப் படுக்கைகளில் இருந்துதான். மத்தியப் படுக்கையை இரவு 10 முதல் காலை 6 மணி வரைதான் விரிக்கலாம், அதுவரை எல்லோரும் கீழே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், கதைக்காமல் இருக்க ஏலாது.

எந்த மாதம் நல்லது?

பெப்ரவரியும் மார்ச்சும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க வட இந்தியாவில் பனிமூட்டம், றெயில்கள் மணிக்கணக்கில் பிந்தும். ஒக்டோபர் கடைசியிலிருந்து டில்லிக் காற்று மோசமாகும், இழுப்பு உள்ளவர்கள் அந்த நாட்களில் வெளியூர் போய்விடுவது உடம்புக்கும் நல்லது. மே, ஜூனில் வெயில் 45 பாகையைத் தொடும், எங்கள் ஊர் வெயில் மாதிரி வியர்க்காது, அதனால் உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாது. ஜூலை, ஓகஸ்டில் மலைப்பக்கம் மண் சரியும். குளிர் உடுப்பை ஊரிலிருந்து வாங்கிக்கொண்டு வராதீர்கள், கஷ்மீரி கேட்டில் உள்ள மொனாஸ்டரி மார்க்கெட்டில் நல்லதாகவும் மலிவாகவும் எடுக்கலாம்.

டில்லிக்கு வெளியே முதல் பயணம் எது?

ஆக்ராவை ஒரு நாளில் முடிக்கலாம். வெள்ளிக்கிழமை தாஜ் மூடி இருக்கும், இதைத் தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள். அமிர்தசரஸ் இரண்டு நாள், பொற்கோயிலைப் பகலிலும் இரவிலும் பாருங்கள், பக்கத்தில்தான் ஜாலியன்வாலா பாக். ஜெய்ப்பூர் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்லத் தேவையில்லை.

நான் அனுப்புவது காசிக்கு. ஒரு இரவு றெயில், அல்லது பகலில் எட்டு மணித்தியாலத்தில் போகும் வந்தே பாரத் விரைவு றெயில். காசியில் எங்கள் சுவடு நிறைய இருக்கிறது. கேதார் காட் என்ற படித்துறையில் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இருக்கிறது, அங்கிருந்து கரையோடு கொஞ்சம் நடந்தால் அனுமான் காட், அந்தப் பக்கத்துச் சந்தில்தான் பாரதியார் 1898 முதல் சில வருடம் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். தமிழ் எழுதிய பலகைகள், விபூதி பூசிய தாத்தாமார், சாம்பார் வாசம் எல்லாம் அந்தச் சந்துகளில் வரும்.

அங்கிருந்து, புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத் 10 கிலோமீற்றர்தான், ஓட்டோவில் போகலாம். நான் மாத்தறைக் கூட்டாளியோடு போனேன். அங்கே உள்ள மூலகந்தகுடி விகாரையை எழுப்பி 1931இல் திறந்தது சிங்கள பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால, கொழும்பில் பிறந்தவர், சாரநாத்திலேயே இறந்தார். அவருடைய பெயரை என் வீட்டில் சொன்ன விதம் வேறு, அவனுடைய வீட்டில் சொன்ன விதம் வேறு. விகாரைக்குப் பக்கத்தில் அநுராதபுரத்துப் போதியின் கன்றில் வளர்ந்த அரசமரம் நிற்கிறது, அதன் கீழே இருந்து இரண்டையும் ஒருவருக்கொருவர் சொன்னோம், குரல் உயராமல், நேரம் பார்க்காமல். அவனுடைய அண்ணன் இராணுவத்தில் இருந்தவர் என்பதை அன்றைக்குத்தான் சொன்னான், நாங்கள் இடம்பெயர்ந்த கதையை நானும் அன்றைக்குத்தான் சொன்னேன். ஊரில் இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு பின்னேரம் கிடைத்திருக்காது, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஒருவர் ஊருக்கு மற்றவர் போனதில்லை. அடுத்த நாள் காலை கேதார் காட்டில் குமரகுருபரரின் மடத்தை நான் அவனுக்குக் காட்டினேன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வந்து கும்பிட்டான்.

சாரநாத் மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அசோகரின் சிங்கத் தூண் தலை அங்கேதான் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

மலைக்குப் போக அனுமதி வேண்டுமா?

சிம்லா, தரம்சாலா, மணாலி, ரிஷிகேஷ் எதற்கும் வேண்டாம். கல்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903இல் திறந்த சின்ன றெயிலில் போங்கள், 96 கிலோமீற்றர், சுரங்கம் மட்டும் நூற்றுக்கு மேல், பதுளை றெயிலில் போனவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். சிக்கிம், அருணாசலம், லடாக்கில் பாங்கோங், நுப்ரா, ஹிமாசலத்தில் ரெக்கோங் பியோவிலிருந்து தாபோ வரையான பாதை, இவற்றுக்கு வெளிநாட்டவர் அனுமதி எடுக்க வேண்டும். இந்தியக் கூட்டாளிகளுக்கு இந்த விதிகள் வேறு என்பதால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது, "ஒன்றும் தேவையில்லை, வா" என்பார்கள். நீங்களே விசாரியுங்கள். காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளி மாநிலப் பிரிபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வைத்திருக்கும் ஒருவராவது கூட இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் மட்டும் போகலாமா?

போகலாம், நாங்கள் போயிருக்கிறோம். மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. புது ஊருக்குப் பகலில் போய் இறங்கும்படி டிக்கெட் போடுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அறையை ஸ்டேஷன் வாசலில் வந்து கேட்கிறவர்களிடம் எடுக்காதீர்கள். 112 அவசர இலக்கம், றெயிலுக்குள் 139. முறைத்துப் பார்ப்பவர்கள் இருப்பார்கள், அதை நான் மறைக்கமாட்டேன், சில இடங்களில் அது நாள் முழுக்க களைக்க வைக்கும். நாலு பெண்கள் சேர்ந்து நடக்கும்போது அந்தப் பாரம் நிறையவே குறைகிறது. ஒருத்திக்கு மனம் சரியில்லை என்றால் அன்றைய திட்டத்தை எல்லோரும் விட்டுவிடுங்கள், இடம் எங்கேயும் ஓடாது.

ஊர்ச் சாப்பாட்டுக்கு மனம் ஏங்கினால்?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய், கறிவேப்பிலை, மீன் எல்லாம் இருக்கிறது, ஹொஸ்டல் குசினியில் அனுமதி கிடைத்தால் சம்பல் இடித்துவிடலாம். தமிழ்நாடு இல்லம் சாணக்கியபுரியில். எங்கள் உயர்ஸ்தானிகராலயமும் அதே பகுதியில், கௌடில்ய மார்க்கில்தான், அங்கே அலுவல் இருக்கிற அன்று சேர்த்து முடித்துவிடலாம். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர், சுவாமிநாதசுவாமி கோயில், கார்த்திகை, தைப்பூசத்துக்குப் போனால் டில்லித் தமிழர் முழுப்பேரையும் காணலாம். அங்கே ஒரு மாமி உங்களைப் பிடித்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள், உங்கள் நேபாளிக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அதேபோல மஜ்னு கா டிலாவில் திபெத்தியச் சாப்பாடு, லாஜ்பத் நகரில் ஆப்கான் ரொட்டி, ஆந்திர பவனில் நண்பகல் சாப்பாடு என்று மற்றவர்களின் ஏக்கத்துக்கும் கூடப் போங்கள்.

காசுப் பிரச்சினையால் கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம் வருகிறதே?

வரும். எல்லோரிடமும் ஒரே அளவு காசு இல்லை, புலமைப்பரிசில் பிந்தி வருகிற மாதங்களும் உண்டு. போக முன்னரே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசுங்கள், எல்லோரிலும் குறைவாக உள்ளவரின் அளவில் பேசுங்கள். செலவை அன்றிரவே எழுதிவிடுங்கள், ஊர் திரும்பிய பிறகு கணக்குப் பார்க்கத் தொடங்கினால்தான் முகம் சுருங்கும். இந்திய வங்கிக் கணக்கும் இந்திய போன் இலக்கமும் எடுத்துவிட்டால் போனால் காசு கொடுக்கிற யு.பி.ஐ. வேலை செய்யும், தேத்தண்ணிக் கடையில்கூட அதால்தான் காசு கொடுக்கிறார்கள், ஆனால் மலையில் சிக்னல் போகும், நோட்டும் வையுங்கள்.

அப்படியே நேபாளத்துக்கும் போய்வரலாமா?

போகலாம். முதலில் உங்கள் மாணவர் விசா பல தடவை உள்ளே வர அனுமதிக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் திரும்பி வர முடியாமல் அங்கே நிற்பீர்கள். சார்க் நாட்டவர் என்பதால் அந்த வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசமாகவே தருவார்கள். கோரக்பூர் வரை றெயில், அங்கிருந்து சோனௌலி எல்லை, தாண்டினால் புத்தர் பிறந்த லும்பினி கிட்டத்தான். அந்த எல்லையை இந்தியர்களும் நேபாளிகளும் கடைக்குப் போவது மாதிரி நடந்து கடப்பார்கள், உங்கள் கூட்டாளியும் கதைத்துக்கொண்டே கடந்துவிடுவாள். நீங்கள் அவள் பின்னால் போகாமல் நின்று, இந்தியப் பக்கத்தில் வெளியேறும் முத்திரையும் நேபாளப் பக்கத்தில் உள்நுழையும் முத்திரையும் குத்தியிருக்கிறதா என்று பாஸ்போட்டைத் திறந்து பார்த்த பிறகு நடவுங்கள்.